புதுசுக்குத் தடை, பழசுக்கு வரி: புகையிலையின் நானூறு வருஷ வழக்கு

"இ-சிகரெட் ஆபத்தில்லைன்னா ஏன் தடை? ஆபத்துன்னா, சிகரெட்டும் பீடியும் மட்டும் எப்படி பெட்டிக்கடையில கிடைக்குது?"

எங்கள் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் ஓடிய சண்டையின் சுருக்கம் இவ்வளவுதான். ஒரு கட்சி "பாதுகாப்பானது, முறைப்படுத்தி விற்கலாம்" என்றது. இன்னொரு கட்சி "விஷம், தடை சரி" என்றது. நான் மருத்துவன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், ஓய்வு நேரத்தில் பழைய புத்தகங்களைப் புரட்டுபவன். ஆனால் இந்தச் சண்டையைப் படிக்கப் படிக்க, இதை எங்கேயோ ஏற்கெனவே படித்திருக்கிறோமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. தேடிப் பார்த்தால், ஆமாம், கிட்டத்தட்ட 1604-ம் வருஷம் அக்பர் தர்பாரில் இதே சண்டை நடந்திருக்கிறது.

அக்பரும் ஹக்கீமும்

அசத் பேக் என்று ஒரு முகலாய அதிகாரி. அக்பர் அவரை பிஜப்பூருக்கு ஒரு வேலையாக அனுப்புகிறார். அங்கே போர்த்துகீசியர் வழியாக வந்திருந்த புகையிலையை அவர் முதன்முதலாகப் பார்க்கிறார். வேலைப்பாடு மிகுந்த புகைக்குழாய் ஒன்றைத் தயார் செய்து, புகையிலையோடு கொண்டுபோய் பாதுஷா முன்னால் வைக்கிறார். அக்பர் ஆவலாக இரண்டு மூன்று இழுப்பு இழுக்கிறார். அரண்மனை மருத்துவர் தடுக்கிறார்.

அங்கே நடந்த வாதத்தை அசத் பேக்கே தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மருத்துவர் சொன்னதன் சாரம்: இது சோதித்துப் பார்க்கப்படாத பொருள், நம் வைத்திய நூல்களில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை, குணம் தெரியாததை எப்படிச் சரி என்று சொல்வது? அசத் பேக்கின் பதில்: ஐரோப்பியர்கள் ஒன்றும் தெரியாமலா பயன்படுத்துகிறார்கள்? உலகத்தில் இருக்கிற எல்லா வழக்கமும் ஒரு காலத்தில் புதுசுதானே?

இரண்டு பேரும் பேசியதில் ஞாயம் இருக்கிறது. "நீண்டகாலத் தரவு இல்லை" என்பது இன்றைய தடை ஆதரவாளர் வாதம். "வெளிநாட்டில் அனுமதித்திருக்கிறார்களே" என்பது வேப் ஆதரவாளர் வாதம். நானூறு வருஷத்தில் வார்த்தைகூட அதிகம் மாறவில்லை.

அக்பர் அதற்குமேல் அந்தப் பழக்கத்தைத் தொடரவில்லை. ஆனால் அசத் பேக் கொண்டுவந்த சரக்கு பிரபுக்களுக்குப் போனது, வியாபாரிகள் விற்க ஆரம்பித்தார்கள், பழக்கம் பரவியது. அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617-ல் புகையிலைக்குத் தடை போட்டார். அந்தத் தடையின் கதி என்ன ஆனது என்பதற்கு அதற்குப் பிந்திய முகலாய ஓவியங்களில் இருக்கும் ஹூக்காக்களே சாட்சி.

ஹூக்காவைப் பற்றி ஒரு கதை உண்டு. புகையைத் தண்ணீர் வழியாக இழுத்தால் கெடுதல் குறையும் என்று அக்பர் அவை மருத்துவர் அபுல் ஃபத் கிலானி அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அவர் 1580-களிலேயே இறந்துவிட்டவர் என்பதால் கதை காலக்கணக்கில் இடிக்கிறது. ஆனால் கதை பிறந்த காரணம் முக்கியம். "கெடுதல் குறைந்த புகை" என்ற ஆசை புகையிலை வந்த நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

புதுசு எப்படிப் பழசாகும்?

தமிழ்நாட்டில் இன்னும் அழகாக நடந்தது. சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என்று ஒரு சிற்றிலக்கியமே பாடியிருக்கிறார். பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்புகிறார். உ.வே.சா. அதை 1939-ல் பதிப்பித்தார். புகையிலைக்கு அதில் ஒரு புராணமும் உண்டு. சிவன் கொடுத்த வில்வமும் திருமால் கொடுத்த துளசியும் அலையில் போய்விட, பிரமன் கொடுத்த இலை மட்டும் போகாமல் நின்றதாம். 'போகையிலை' என்ற சிலேடைதான் கதையின் மையம்.

அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த செடிக்கு இருநூறு முந்நூறு வருஷத்துக்குள் பிரமன் கையால் பிறப்புச் சான்றிதழ்! புலவர் விளையாட்டாகப் பாடியது என்றாலும், ஒரு பொருள் எப்படி 'நம்மூர்ப் பொருள்' ஆகிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியவில்லை. பிறகு நாமே ஏற்றுமதியும் செய்தோம். ஆங்கிலத்தில் சுருட்டுக்கு உள்ள 'செரூட்' என்ற சொல் நம்ம 'சுருட்டு'தான். திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலை ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் கதையிலேயே அடையாளம் கண்டுபிடிக்கிறார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றியவர்களுக்கு நான் சொல்வது இன்னும் எளிதாகப் புரியும். வெற்றிலைச் செல்லம், பொடி டப்பி, பழைய சிகரெட் தகர டப்பா, சாம்பல் தட்டு எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எல்லாமே இப்போது 'ஆன்டிக்'. எல்லாமே ஒரு காலத்தில் யாரோ ஒரு தாத்தாவை முகம் சுளிக்க வைத்த புதுப் பழக்கத்தின் சாமான்கள்.

கடல் கடந்த பாடம்: அபின்

சரி, தடைக்குப் பதிலாக முறைப்படுத்தலாமே என்ற வாதத்துக்கு வருவோம். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைப் பற்றி யோசிக்க மலேயாவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

19-ம் நூற்றாண்டில் நகரத்தார் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கிட்டங்கி அமைத்து வட்டித்தொழில் செய்த காலத்தில், அங்கே அபின் சட்டபூர்வமான சரக்கு. அரசாங்கம் அபின் விற்கும் உரிமையை ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. நம்ம ஊர் கள்ளுக்கடை குத்தகை மாதிரி. அந்த வியாபாரத்தில் புழங்கிய கடனில் செட்டியார்களின் பணமும் இருந்தது என்று பொருளாதார வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அன்றைக்கு அது அரிசிக்கும் ரப்பருக்கும் கடன் கொடுப்பது போல ஒரு தொழில். இன்றைய கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. அபினுக்கு எதிரான குரல் வலுத்தபோது, அரசு 1910-ல் குத்தகையை ஒழித்துவிட்டு அபின் தயாரிப்பையும் விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. நோக்கம், கட்டுப்படுத்திப் படிப்படியாகக் குறைப்பது. நடைமுறையில், நீரிணைக் குடியேற்ற அரசின் வருவாயில் பல ஆண்டுகள் ஏறத்தாழ பாதி அபினிலிருந்தே வந்தது. பாதிச் சம்பளம் தருகிற முதலாளியை யார் விடுவார்கள்? முழுத் தடை வர இரண்டாம் உலகப்போர் முடிய வேண்டியிருந்தது.

நம்ம மாகாணத்திலும் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு போய், வந்து, மறுபடி போய், கடைசியில் 2003-ல் அரசே சில்லறைக் கடை நடத்தும் டாஸ்மாக்கில் வந்து நின்றது. மதுவிலக்குக்காக வந்த விற்பனை வரி மட்டும் போகவே இல்லை!

அபின் கதையில் 'கெடுதல் குறைந்த மாற்று' என்ற பகுதியும் உண்டு. சீனாவில் அபின் பழக்கத்தை விடுவிக்க என்று மிஷனரிகள் மார்ஃபின் கலந்த மாத்திரை கொடுத்தார்கள். மக்கள் அதற்கு 'ஏசு அபின்' என்றே பெயர் வைத்தார்கள். 1898-ல் பேயர் நிறுவனம் ஹெராயினை மருந்தாக விற்க ஆரம்பித்தபோது, மார்ஃபினைப் போல அடிமையாக்காது என்று நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை எங்கே போய் முடிந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

சிகரெட்டிலும் இதே கதைதான். 1950-களில் நுரையீரல் புற்றுநோய்ச் செய்தி பரவியதும் ஃபில்டர் சிகரெட் வந்தது. 'கென்ட்' என்ற அமெரிக்க சிகரெட்டின் அதிநவீன ஃபில்டரில் 1952 முதல் 1956 வரை இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். பிறகு 'லைட்' சிகரெட். அதன் ஃபில்டரைச் சுற்றி நுண்ணிய துளைகள். சோதனை இயந்திரம் இழுத்தால் காற்று கலந்து தார் குறைவாகக் காட்டும். மனிதன் இழுக்கும்போது விரலும் உதடும் துளையை மூடிவிடும், போதாததற்கு ஆழமாகவும் இழுப்பான். எங்கள் துறையில் பெஞ்ச்மார்க்கில் மட்டும் வேகமாக ஓடுகிற மென்பொருள் உண்டு, அந்த ரகம்.

இப்போது இ-சிகரெட்

ஆகவே இதுவும் அதே ஏமாற்றுதான் என்று முடித்துவிடலாமா? அங்கேதான் நான் தயங்குகிறேன். ஏனென்றால் இந்தக் கருவியில் ஒரு விஷயம் உண்மையிலேயே வேறு. இதில் நெருப்பு இல்லை.

ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் 1963-ல் புகையில்லா சிகரெட்டுக்குக் காப்புரிமை கேட்டு 1965-ல் வாங்கினார். அது சந்தைக்கு வரவில்லை. இன்றைய வடிவத்துக்கு வழி போட்டவர் சீன மருந்தாளர் ஹொன் லிக், 2003-ல். நடுவில் லித்தியம்-அயன் பேட்டரி வந்துவிட்டது. விரல் அளவு பேட்டரி ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்கும். சுருளைச் சுற்றிய திரியில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், வாசனை கலந்த திரவம் ஊறியிருக்கும். அது ஆவியாகி வெளியே வரும்போது நுண்துளிகளாகும். அவ்வளவுதான் கருவி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து உருவான காரைக்குடி சிக்ரியில் பல வருஷமாக ஆராய்கிற அதே லித்தியம் பேட்டரித் தொழில்நுட்பம், வேறொரு வழியில் போய் இப்படியும் ஒரு சாமானைப் பெற்றுவிட்டது.

சிகரெட்டில் உயிரைக் குடிப்பதில் பெரும்பங்கு எரிதலில் பிறக்கும் தாரும் கார்பன் மோனாக்சைடும். எரிதல் இல்லையென்றால் அவையும் வெகுவாகக் குறையும். அதனால் முழுதாக மாறிவிட்ட ஒரு புகைப்பாளருக்குக் கெடுதல் குறைவு என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் 'குறைவு' வேறு, 'பாதுகாப்பு' வேறு. நிகோடின் அடிமையாக்கும். சுருள் அதிகம் சூடானால் ஃபார்மால்டிஹைடு உண்டாகும், உலோகத் துணுக்கும் கலக்கும். இருபது வருஷப் புழக்கத்தை வைத்து நாற்பது வருஷ விளைவைச் சொல்ல முடியாது. சிகரெட்டின் குற்றம் நிரூபணமாகவே அரை நூற்றாண்டு ஆனது.

"95 சதவீதம் கெடுதல் குறைவு" என்ற எண் எங்கும் சுற்றுகிறது. 2015-ல் இங்கிலாந்தின் பொதுசுகாதார அமைப்பு சொன்னது. அதன் வேர் 2014-ல் ஒரு டஜன் நிபுணர்கள் உட்கார்ந்து மதிப்பெண் போட்ட ஒரு கட்டுரை. ஆய்வகத்தில் அளந்த எண் அல்ல அது. லான்செட் இதழ் அப்போதே கண்டித்தது.

எதிர்க்கட்சியின் பிடித்தமான உதாரணம் 2019-ல் அமெரிக்காவில் வந்த நுரையீரல் பாதிப்பு. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிப்பு, 68 மரணம். இதிலும் முழுக்கதை வேறு. பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த கள்ளச்சந்தைத் திரவம், அதில் கெட்டித்தன்மைக்குச் சேர்த்த வைட்டமின்-இ அசிடேட். குற்றவாளி கருவி அல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருமே சோதிக்காத நிலைமை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பழக்கத்தை விட உதவுமா? இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்து, 2019-ல் முடிவு வெளியான சோதனையில், ஒரு வருஷம் கழித்துச் சிகரெட் தொடாமல் இருந்தவர்கள் இ-சிகரெட் குழுவில் 18 சதவீதம். நிகோடின் பட்டை, சூயிங்கம் குழுவில் 9.9 சதவீதம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதே சோதனையின் இன்னொரு எண்: அப்படி விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழித்தும் இ-சிகரெட்டை விடவில்லை. மற்ற குழுவில் 9 சதவீதம். இரண்டு கட்சிக்கும் இதில் ஆளுக்கு ஒரு எண் இருக்கிறது, ஆளாளுக்குத் தன்னுடையதை மட்டும் ஃபார்வர்டு செய்கிறார்கள்.

இந்தியத் தீர்ப்பு

தமிழ்நாடு 2018-லேயே தடை செய்தது. 2019 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. செப்டம்பர் 18-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் அறிவித்தது, டிசம்பரில் அது முறையான சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு எல்லாம் குற்றம். சேமிப்பு தவிர்த்த மற்றவற்றுக்கு முதல் தடவை ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பீடி, சிகரெட், சுருட்டு, பொடி எதையும் இந்தச் சட்டம் தொடவில்லை. அட்டையில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் போட்டால் போதும். நாட்டின் மிகப்பெரிய சிகரெட் நிறுவனமான ஐடிசியில் அரசுக்குச் சொந்தமான எல்ஐசி பெரிய பங்குதாரர். வரி தனி. தென்காசி, நெல்லைப் பக்கம் பீடி சுற்றி வாழும் பெண்களின் கூலி இன்னொரு தனிக் கணக்கு. நான் சதி என்று சொல்லவில்லை. பழைய பொருளைச் சுற்றி எத்தனை பேருடைய சோறு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். புதுசுக்கு அப்படி யாரும் இல்லை, அதனால் தடை சுலபம்.

ஆனாலும் தடைக்கு ஆதரவான வலுவான வாதம் ஒன்று உண்டு. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 28.6 சதவீதம், அதாவது சுமார் 26.7 கோடிப் பேர் புகையிலை பயன்படுத்துகிறார்கள். அதில் மெல்லுவது உள்ளிட்ட புகையில்லாப் புகையிலை 21.4 சதவீதம், பீடி 7.7 சதவீதம், சிகரெட் 4 சதவீதம். பலர் ஒன்றுக்கு மேற்பட்டதை வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 'சிகரெட்டுக்கு மாற்று' என்பது பெரும்பாலான புகையிலைக்காரர்களுக்குப் பொருந்தும். இங்கே ஹான்ஸ் அடக்குகிற கொத்தனாரும் பீடி குடிக்கிற பெரியவரும் ஆயிரம் ரூபாய் கருவியை வாங்கிச் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை. வாங்கப்போவது யார்? இதுவரை எதையும் தொடாத, கையில் காசு புழங்குகிற பிள்ளைகள். சேமிக்கப்படும் உயிர் குறைவு, புதிதாகச் சேரும் அடிமை அதிகம்.

தடைக்குப் பிறகு?

எங்கள் பக்கத்தில் ஒரு நண்பருடைய மகன், பத்தாம் வகுப்பு. பையில் பென்-டிரைவ் மாதிரி ஒன்று இருந்ததைப் பள்ளியில் பிடித்துவிட்டார்கள். நண்பர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "மாப்ள, நீ இதெல்லாம் படிப்பியே, அதுக்குள்ள என்ன இருக்கு?"

மாம்பழ வாசனை என்று எழுதியிருந்தது. நிகோடின் எவ்வளவு, வேறென்ன கலந்திருக்கிறது, எங்கே தயாரானது, எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் கூடாது, தொட்டி 2 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது என்று சட்டம் உண்டு. இங்கே சட்டப்படி அந்தப் பொருளே இல்லை. இல்லாத பொருளுக்கு ஏது தரக்கட்டுப்பாடு? அமெரிக்காவில் 68 பேர் செத்ததும் இந்த மாதிரி, உள்ளே என்ன என்று தெரியாத சரக்கால்தான்.

நமக்கு இது புதுசும் இல்லை. தமிழ்நாட்டில் குட்கா தடை 2013-லிருந்து அமலில் இருக்கிறது. கடைக்காரர் முகத்தைப் பார்த்து எடுத்துக்கொடுப்பார். பள்ளிப் பிள்ளைகள் 'கூல் லிப்' அடக்குவதைப் பற்றி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2024-ல் கேள்வி எழுப்ப வேண்டி வந்தது.

இப்போது மறுபடி நம் முன்னோர் போன கடற்கரைக்கே போவோம். சிங்கப்பூர் 2018 பிப்ரவரியிலிருந்து வேப் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அப்படியும் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த வேப் பரவி, 2025 செப்டம்பரில் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். பக்கத்தில் மலேசியா எதிர்வழியில் போனது. வரி போடுவதற்காக 2023 மார்ச் 31-ல் நிகோடின் திரவத்தை விஷப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. மறுநாளே மில்லிலிட்டருக்கு 40 சென் வரி. ஆனால் சிறுவர்களுக்கு விற்கக்கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1-ல். ஒன்றரை வருஷம், வரி இருந்தது, வயது வரம்பு இல்லை. 1910 அபின் கணக்கைப் படித்தவனுக்கு இதில் ஆச்சரியம் வராது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இ-சிகரெட் பாதுகாப்பானதல்ல. இருபது வருஷமாகப் புகைத்து, வேறு எதிலும் விட முடியாதவருக்கு அது சிகரெட்டைவிடக் கெடுதல் குறைந்த வழியாக இருக்கலாம். ஆனால் நம் நாட்டில் கடையில் தொங்கவிட்டால் அது அவரிடம் போகாது, பத்தாம் வகுப்புக்குப் போகும். அதனால் திறந்த விற்பனையை நான் ஆதரிக்க மாட்டேன்.

அதற்காகத் தடைச்சட்டம் போட்டதோடு வேலை முடிந்தது என்றும் சொல்ல மாட்டேன். பிடிபடுகிற திரவத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி, உள்ளே என்ன இருந்தது என்று ஊரறியச் சொல்ல வேண்டும். விட நினைப்பவருக்கு உதவி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, எத்தனை பெட்டிக்கடையில் அது கண்ணில் படும்படி இருக்கிறது? மூன்றாவது, புதுப்பொருளிடம் கேட்கிற கேள்வியைப் பழைய பொருளிடமும் கேட்க வேண்டும். பீடியும் சிகரெட்டும் இன்றைக்குத்தான் கண்டுபிடிக்கப்பட்டு அனுமதிக்கு வந்திருந்தால், எந்த அரசும் கையெழுத்துப் போட்டிருக்காது.

அக்பரின் ஹக்கீம், நூலில் இல்லாததால் புகையிலையைச் சந்தேகப்பட்டார். இன்றைக்குப் புகையிலையைப் பற்றி நூல்களில் எல்லாம் இருக்கிறது. அது கொல்லும் என்று அட்டையிலேயே அச்சடித்து, அதன்மேல் வரியும் வாங்கிக்கொண்டு விற்கிறோம்.